லோடு ஆர்டரில் ஒரு குதிரை பஸ்

பஸ் டிப்போவுக்குள் போய் ஓட்டுநரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் சிரிப்பார்கள். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் ஓட்டுநர்கள்தான். பீத்தல் அண்ணன் எங்கே என்று கேட்க வேண்டும். எல்லாக் கைகளும் ஒரே பக்கம் நீளும். ஓய்வறை ஜன்னலோரம் டீ டம்ளரோடு உட்கார்ந்து யாரையாவது பிடித்து வைத்துப் பேசிக்கொண்டிருப்பார். மாட்டியவர் யார் என்பது நாளுக்கு நாள் மாறும், பேச்சு மட்டும் மாறாது.

அவருடைய பீத்தலில் ஒரு விசேஷம் உண்டு. தன்னைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அளப்பதெல்லாம் மனைவியைப் பற்றித்தான். வீட்டுக்காரியைப் பற்றி வெளியில் குறைபாடித் திரிகிற ஆட்களையே பார்த்துப் பழகிய டிப்போவுக்கு இது முதலில் கேலியாக இருந்தது. பிறகு காதைப் புளிக்க வைத்தது. இப்போதெல்லாம் ஒரு நாள் அவர் பேசாமல் இருந்துவிட்டால், உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று விசாரிக்கிறார்கள்.

இது அந்த மனைவியின் கதை. ஆனால் அவரிடமே போய்க் கேட்டால் ஒன்றும் பெயராது. அவர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துகிறவர். புரூஃப் பார்க்கிறவர்களுக்கு அடுத்தவர் எழுதியதைத் திருத்த வரும், தன்னைப் பற்றி ஒரு வரி சொல்ல வராது. ஆகவே ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் மிகையாக இருந்தால் பழி அவர்மேல்.

டிப்போவில் அவருக்குப் புரூஃப் அம்மா என்று பெயர். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ஓர் அச்சகத்தில் காகிதம் அடுக்கும் வேலைக்குப் போனவர். ஒரு நாள் அடுக்கிக்கொண்டிருந்த மருந்துத் துண்டுத்தாளில், சாப்பாட்டுக்குப் 'பின்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மின்' என்று இருந்ததைக் காட்டினார். முதலாளி அன்றைக்கே அவரை மேசைக்கு மாற்றிவிட்டார். அதிலிருந்து மருந்துத் தாள், பாடப் புத்தகம், இயந்திரக் கையேடு, கதைப் புத்தகம் என்று அந்தக் கண்ணுக்குத் தப்பி எதுவும் மிஷினுக்குப் போனதில்லை. புத்தகத்தில் எழுதியவர் பெயர் இருக்கும், அட்டை வரைந்தவர் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர்கூட இருக்கும். புரூஃப் பார்த்தவரை நினைப்பது தப்பு அச்சான அன்றைக்கு மட்டும்தான். அந்த அம்மாவை நினைக்கவே யாருக்கும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது, தான் கேம் ஆடிக்கொண்டிருந்த பெரிய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல் கூடத்திலேயே விட்டுவிட்டுப் போனாள். துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் அது கிடந்தது. சாப்பிடக் கூப்பிட்டால்கூட எழுந்து வராமல் இந்தப் பெண் இதில் அப்படி என்னதான் பார்த்தாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போய் உட்கார்ந்தார். எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அடுப்பில் ஒன்றும் ஏறவில்லை. ஓட்டுநர் பேசாமல் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார்.

பனிமலை, கோட்டை, சத்திரம், குதிரை, வாள் என்று போகிற கேம் அது. சண்டை போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஊர் ஊராக நடந்து போகிற வருகிறவர்களிடம் பேசிக்கொண்டே இருக்கலாம். பேசுவதெல்லாம் ஆங்கிலத்தில். மருந்துத் தாள்களில் பழகிய ஆங்கிலத்தையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு அம்மா சமாளித்தார். லீவு நாட்களில் ஓட்டுநரும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, இவன் என்ன சொல்கிறான், அவள் ஏன் கோபப்படுகிறாள் என்று வரிக்கு வரி கேட்டார். கேட்டதற்கெல்லாம் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு வாய் வலித்தது. ஒவ்வொன்றாக உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு அதற்குள்ளேயே தமிழில் எழுதி வைத்துவிடலாம் என்று ஒரு நாள் சலித்துக்கொண்டார். சலிப்பில் சொன்னதைச் செய்து முடிக்கவும் உட்கார்ந்துவிட்டார்.

கேம் விற்றவர்கள் செய்ததற்கு மேல் ஆடுகிறவர்கள் தாங்களாகவே செய்து ஒட்டும் துண்டுகளுக்கு மாட் என்று பெயர். ஒருவர் புதிய குதிரை செய்வார், ஒருவர் மழையை மாற்றுவார். புரூஃப் அம்மா மொழியை மாற்றப் புறப்பட்டார். முதல் அடியே சறுக்கியது. அந்தக் கேமுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்து எழுதத் தெரியவில்லை. 'போ' என்று எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. இணையத்தில் கேட்டவர்கள் எல்லோரும் இது ஆகாது என்று கையை விரித்தார்கள். அம்மாவுக்கோ அச்சகத்தின் பழைய கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. அதில் முதலில் கொம்பைத் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டி, கடைசியில் துணைக்காலைத் தட்ட வேண்டும். அதே மாதிரி ஓர் எழுத்துருவைத் தேடிப் பிடித்துக் கேமில் போட்டு, முழுக் கேமையும் அந்த வரிசையில் எழுதினார். அவருடைய கோப்பைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் கோணல்மாணலாகத் தெரியும். திரையில் வரும்போது மணியான தமிழாக இருக்கும்.

அடுத்த தலைவலி 'அங்கிள்'. பனிமலைக் கோட்டை ஒன்றில் இரண்டு குடும்பங்களுக்குத் தீராப் பகை. அந்தக் கதை முழுக்க அங்கிள், அங்கிள் என்று ஒரே சொல்லை வைத்து ஓட்டிவிட்டார்கள். தமிழில் அப்படித் தப்பிக்க முடியுமா? அப்பாவின் அண்ணனா, தம்பியா, அம்மாவின் உடன்பிறப்பா, அத்தையின் கணவரா? இரண்டு குடும்பத்தின் வம்சாவளியையும் தேடி எடுத்து, யார் யாருக்குப் பெரியப்பா, யார் சித்தப்பா, யார் மாமா என்று அம்மா பிரித்து எழுதினார். ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் உறவு பிடிபடவே இல்லை. ஓட்டுநர் அந்த வழக்கை டிப்போவுக்குக் கொண்டுபோனார். அந்த ஆள் ஒரு கத்தியைப் பரிசாகக் கொடுக்கிறான், அப்படிக் கொடுப்பவன் நிச்சயம் மாமாதான், சித்தப்பா கொடுக்க மாட்டார் என்று ஓய்வறையில் தீர்ப்பாகி, அதுவே நிலைத்தது. காவலர்கள் ஆரம்பத்தில் வீரனை 'நீ' என்பார்கள், அவனுக்குப் பேரும் புகழும் வந்த பிறகு 'நீங்க' என்பார்கள். வீரன் இடத்தில் பெண்ணை வைத்து ஆடினால் சத்திரத்து அம்மாள் 'தங்கச்சி' என்று கூப்பிடுவாள். இப்படியே வருடங்கள் ஓடின. மகள் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், அம்மா எந்த ஊர் வரைக்கும் வந்திருக்கிறார் என்றுதான் முதலில் கேட்பாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. மாட்களோடு வரும் கோப்புகளுக்குப் பிளகின் என்று பெயர். கேம் அவற்றை மேலிருந்து கீழே வரிசையாகப் படிக்கும். அந்த வரிசைதான் லோடு ஆர்டர். ஒரே ஆளைப் பற்றி இரண்டு பிளகின்கள் பேசினால், கடைசியில் படித்ததைத்தான் கேம் நம்பும். இதில் பாதி, அதில் பாதி என்று எடுத்துக்கொள்ளாது. முன்னால் படித்தது சுத்தமாக மறந்து போகும். அதனால் அம்மா தன் தமிழ்ப் பிளகினை எல்லாவற்றுக்கும் கீழே வைத்திருந்தார். இதையெல்லாம் பராமரிக்க மாட் மேனேஜர் என்று ஒரு நிரல் உண்டு. அம்மாவின் மேனேஜர் சுத்தக்காரர் ரகம். ஒவ்வொரு மாட்டையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்து, கேம் ஓடும் நேரத்துக்கு மட்டும் எல்லாம் ஒன்றாக இருப்பதுபோல் காட்டும். கேமின் சொந்தப் பெட்டியில் விரல்கூட வைக்காது.

வேலை முடிந்த செய்தி பஸ் முனையத்துக்கு எதிரே இருக்கும் பொது நூலகத்துக்கு எட்டியது. ஓட்டுநர் இருக்கும்போது எது எட்டாமல் இருக்கும்? நூலகர் அம்மா தன் கம்ப்யூட்டர் அறையையும் பெரிய திரையையும் ஒரு சனிக்கிழமை மதியத்துக்கு ஒதுக்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்காரர்கள் வருகிறார்கள், கேம் ஆடுகிற கூட்டம் ஒன்று வருகிறது, இந்தத் தமிழைத் தங்கள் இணையதளத்தில் எல்லோருக்கும் கொடுக்கலாமா என்று பார்க்க ஒரு குழுவும் வருகிறது என்றார்கள். போஸ்டர் அடித்தார்கள். அதில் புரூஃப் அம்மாவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அவர் பெயர் அச்சானது அதுதான் முதல் தடவை. அதற்குப் புரூஃப் பார்த்ததும் அவரேதான். ஓட்டுநர் இரண்டு போஸ்டர்களை டிப்போ வாசலில் ஒட்டினார், ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் மடிக்காமல் சுருட்டி வைத்தார்.

அதோடு நின்றிருக்கலாம். மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தன் பங்குக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது.

டிப்போவில் ஸ்பானர் என்று ஒரு மெக்கானிக். அதே கேமை ஆடுகிறவன், வண்டி வாகனம் என்றால் உயிர். அவன் ஒரு மாட் காட்டினான். கேமில் வருகிற ஒற்றைக் கட்டை வண்டியை எடுத்துவிட்டு, நாலு குதிரை பூட்டிய நீளமான வண்டி ஒன்றை வைக்கும். படி, கம்பி, மணி, வரிசையாக இருக்கைகள், ஊருக்கு ஊர் நிறுத்தம். ஓட்டுநர் பார்த்தார், அப்படியே சொக்கிப் போனார். இது பஸ்ஸேதான். சனிக்கிழமை டிப்போ ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பனிமலையில் இந்த பஸ் வந்து நின்றால் எப்படி இருக்கும்? மனைவியே அசந்து போக வேண்டும், அதனால் அவரிடம் சொல்லக் கூடாது.

புரூஃப் அம்மா அச்சகத்தில் இருந்த ஒரு மதியம் ஸ்பானர் வீட்டுக்கு வந்தான். தனக்குப் பழகிய வேறொரு மாட் மேனேஜரைப் போட்டு, அதன் வழியாக அந்த வண்டி மாட் துண்டை ஏற்றினான். அவனுடைய மேனேஜர் வேறு ரகம். அறை கிறை எல்லாம் கிடையாது, சாமானை நேராகக் கேமின் பெட்டிக்குள்ளேயே கொண்டுபோய்ப் போட்டுவிடும். ஒரே குழம்பில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் உப்புப் போடுகிற மாதிரிதான். புதிய மேனேஜரில் கேமை ஓட்டிப் பார்த்தார்கள். பஸ் ஜம்மென்று வந்தது. ஆனால் திரை முழுக்க ஆங்கிலம், மருந்துக்குக்கூட ஒரு தமிழ் எழுத்து இல்லை. ஓட்டுநருக்கு வியர்த்துவிட்டது.

அண்ணியின் மாட்கள் எல்லாம் அண்ணியின் மேனேஜருக்கு உள்ளே பத்திரமாக இருக்கின்றன, இந்த வழியாக ஓட்டினால் அவை வராது, பயப்பட ஒன்றும் இல்லை என்று ஸ்பானர் சமாதானம் சொன்னான். ஓட்டுநர் கேட்கிற நிலையில் இல்லை. எடுத்துவிடு என்றார். அவனும் தன் மேனேஜரைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கினான். திரையில் இருந்த அதன் படம் மறைந்தது. இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். மேனேஜர்தான் போயிருந்தது. அது கேமின் பெட்டிக்குள் கொண்டுபோய்ப் போட்ட சாமான் போகவில்லை. போகும் முன் தன் சாமானை எடுத்துக்கொள் என்று அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்பது அவசரத்தில் ஸ்பானருக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறை அம்மா தன் மேனேஜரைத் திறந்தபோது, பெட்டிக்குள் புதிதாக ஒரு பிளகின் கிடப்பதை அது கண்டது. மரியாதை தெரிந்த மேனேஜர். புதிதாக வந்தவரை வரிசையின் கடைசியில் உட்கார வைத்தது. தமிழுக்கும் கீழே.

அம்மா கேமை ஓட்டினார். வண்டி மாறியிருப்பதைக் கவனிக்கும் முன்பே வண்டிக்காரன் ஆங்கிலத்தில் பேசினான். அடுத்த ஊர் வண்டிக்காரனும் அப்படியே. ஆற்றங்கரைப் படகோட்டியும் அப்படியே. மற்றவர்கள் எல்லோரும் தமிழ். அம்மாவுக்குப் பார்வை எல்லாம் எழுத்தில்தான். ஆயிரம் பேர் திரையில் ஓடினாலும் அந்தக் கண் வரியைத்தான் பிடிக்கும். கேமை நிறுத்திவிட்டுத் தன் கோப்பைத் திறந்தார். வண்டிக்காரன் பேச்சு அதில் தமிழில்தான் இருந்தது. மறுபடி கேமுக்குப் போனார், ஆங்கிலம். வண்டி வேறு மாதிரி இருப்பது ஒரு நேரம் கண்ணில் பட்டது. கோப்பில் எங்கேயோ தான் செய்த தப்பு இப்போது வண்டியையும் கெடுத்துவிட்டது என்றுதான் அதையும் எடுத்துக்கொண்டார்.

தப்பு என்றால் எழுத்தில் இருக்கும் என்பது அவருடைய தொழில் புத்தி. லோடு ஆர்டரின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அது தன் கையால் அடுக்கியது, வேறு கை பட வழியில்லை. ஆகவே அச்சகம் விட்டு வந்ததும் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கோணல் எழுத்துகளில் இருந்த அந்தக் கோப்பைப் பார்த்துக்கொடுக்க அவரைத் தவிர வேறு யாராலும் முடியாது. வீட்டில் பேச்சு குறைந்தது. ஓட்டுநர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் அம்மா. சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாளைக்கு நூலகர் அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிடப் போறேங்க," என்றார். "போஸ்டரைக் கிழிச்சிடுங்க. ரெண்டு மூணு பேர் திரும்ப இங்கிலீஷ்ல பேசுறாங்க."

இத்தனை வருட உழைப்பு, யாருக்கோ ஒருவனுக்கு ஒரு வரி மாறினால் என்ன, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று ஓட்டுநர் தடுமாறினார்.

"கேம் ஆரம்பிச்சதும் முதல்ல வாயைத் திறக்கிறதே வண்டிக்காரன்தான். தமிழ் கேம்னு கூட்டிட்டு வந்து, முதல் வரியே இங்கிலீஷா? என் பேர் போட்டிருக்கு. கோப்புல சரியா இருக்கு, திரையில தப்பா வருது. எனக்கே இது புரியலைன்னா, இதுக்கு மேல என்ன உடைஞ்சிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஓட்டுநர் மற்றதைக் கேட்கவில்லை. ஒரு சொல் மட்டும் காதில் நின்றுவிட்டது.

"வண்டிக்காரங்க மட்டுந்தானா?"

"படகுக்காரனும்."

அந்த வண்டி மாட் துண்டில் படகும் உண்டு என்று ஸ்பானர் பெருமையாகச் சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு கணம் கெட்ட யோசனையும் வந்தது. நாளை மதியம் ஸ்பானரைக் கூட்டிவந்து சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாமே. ஆனால் காலையிலேயே அம்மா நூலகத்துக்குப் போய்விடுவார். தவிர, நாலு நாளாக இந்தப் பெண் தன்னையே குற்றவாளியாக்கிக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறாள். ஓட்டுநர் ஸ்பானரையும் பஸ்ஸையும் இன்னொரு மேனேஜரையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, லோடு ஆர்டரைத் திறந்து கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். அவருடைய தமிழுக்குக் கீழே ஒரு பெயர் இருந்தது.

"அப்போ என் எழுத்துல தப்பில்லை," என்றார்.

திட்டு விழும் என்று தலையைக் குனிந்திருந்த ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்தபோது அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அப்படியே சிரிக்கவும் சிரித்தார். திட்டு அதற்குப் பிறகு வந்தது, சாவகாசமாக, ஒன்றும் குறையாமல். இரண்டு மேனேஜர்களை ஒரே கேமில் விட்டதற்கு ஒரு பங்கு, சொல்லாமல் செய்ததற்கு இரண்டு பங்கு. ஸ்பானருக்குத் தனியாக எடுத்து வைத்தார்.

ஓட்டுநர் அந்த மாட்டைத் தூக்கிக் குப்பையில் போடச் சொன்னார். அம்மா தன் பிளகினைக் கடைசிக்கு நகர்த்தினார். வண்டிக்காரன் தமிழில் பேசினான். ஆனால் அவன் பின்னால் நின்றது பழைய ஒற்றைக் கட்டை வண்டி. கடைசியில் வந்தது மட்டும்தானே செல்லும். தமிழ் வேண்டுமென்றால் பஸ் இல்லை, பஸ் வேண்டுமென்றால் தமிழ் இல்லை. ஓட்டுநர் இதுவே நல்லது, இதுவே நல்லது என்று இரண்டு தடவை சொன்னார். அவர் முகத்தை அம்மா பார்த்தார். பிறகு வரிசையை மறுபடி மாற்றி அந்தக் குதிரை பஸ்ஸை ஒரு நடை ஓட்டிப் பார்த்தார். வண்டியை முழுதாக அப்போதுதான் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு என்றார். தனக்கு வேலை இருக்கிறது, நீங்கள் போய்த் துணியை எடுங்கள் என்று அனுப்பிவிட்டார். போஸ்டரைக் கிழிக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு அரை நாள் லீவு போட்டார். ஓட்டுநர் எட்டிப் பார்த்தபோதெல்லாம் திரையில் கோணல் எழுத்துகள்தான் இருந்தன. ஒரு முறை அம்மா அவரைப் பார்த்துத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

சனிக்கிழமை நூலகத்தில் நாற்காலி போதவில்லை. டிப்போ ஆட்கள் சீருடையோடு முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள். ஸ்பானர் கடைசி வரிசையில், அண்ணியின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒதுங்கியிருந்தான். முதல் வரி தமிழில் வந்துவிட்டால் போதும், பஸ்ஸெல்லாம் யாருக்கு வேண்டும் என்று ஓட்டுநர் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கேம் தொடங்கியது. பனி பெய்யும் கோட்டை வாசல். மணி அடித்தது. நாலு குதிரை பூட்டிய நீள வண்டி வளைந்து வந்து நின்றது. முன்வரிசையில் ஆரவாரம். ஓட்டுநர் பதறிப் போனார். பஸ் வந்துவிட்டது, அப்படியானால் தமிழ் போய்விட்டது. வண்டிக்காரன் வாயைத் திறந்தான், அவன் பேச்சு திரையின் அடியில் எழுத்தாக ஓடியது.

"ஏறுங்க, ஏறுங்க. படியில நிக்காதீங்க. உள்ள இடம் இருக்கு, இல்லாட்டி நான் கூப்பிடுவேனா?"

அறை சிரித்தது. டிப்போ வரிசை மட்டும் சிரிக்கவில்லை. கிழவர் ஒருவர் வண்டியில் ஏறினார். வண்டிக்காரன் மறுபடி பேசினான்.

"பெரியவரே, அவசரமே இல்லை. நீங்க உட்கார்ந்த பிறகுதான் வண்டி நகரும்."

டிப்போ வரிசையில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பி ஓட்டுநரைப் பார்த்தன. அண்ணா, இது நீங்க பேசுறதாச்சே என்றார் ஒருவர். ஆமாம், நின்றவர் உட்காரும் வரை கியரைத் தொடாதவர் அந்தத் தடத்தில் அவர் ஒருத்தர்தான், அதனால் தினமும் தாமதம் என்று மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவர்தான் என்று இன்னொருவர் பக்கத்து நாற்காலிக்காரருக்கு விளக்கினார். ஓட்டுநருக்குக் காது சூடேறியது. அம்மா காலை வேலைக்குப் போவது அவருடைய பஸ்ஸில்தான், ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்து. இத்தனை வருடமும் அந்தக் காது சும்மா இருக்கவில்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

புதிய வண்டியோடு வண்டிக்காரர்களுக்குப் புதிய பேச்சும் வந்திருந்தது. அதையெல்லாம் அம்மா இரண்டு நாளில் தமிழாக்கியிருந்தார். வண்டியை அந்தப் பிளகினிலிருந்து எடுத்து, தமிழைத் தன்னுடையதிலிருந்து எடுத்து, இரண்டையும் சேர்த்து மூன்றாவதாகக் குட்டிப் பிளகின் ஒன்றும் செய்திருந்தார்.

எல்லாம் முடிந்து கைதட்டல் ஓய்ந்த பிறகு, தளத்துக் குழுவிலிருந்து வந்த பெண் எழுந்து, இதைத் தங்கள் தளத்தில் போடச் சம்மதமா, ஆடுகிறவர்கள் எப்படி அடுக்க வேண்டும் என்று கேட்டாள். அம்மா சம்மதம் என்றார். பெரிய திரையில் லோடு ஆர்டரைத் திறந்தார். முதலில், ஒரே ஒரு மேனேஜர் போதும், இரண்டு வேண்டாம் என்றார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு கோலால் வரிசையின் அடிக்குப் போனார்.

"மேல நீங்க எதை வேணும்னாலும் வெச்சுக்கங்க. குதிரை, மழை, புதுக் கோட்டை, உங்க இஷ்டம். இது என் தமிழ். அதுக்கும் கீழ, கடைசியா இந்தச் சின்னக் கோப்பு இருக்கு பாருங்க. இதுக்குக் கீழ எதையும் வைக்காதீங்க."

கேம் தமிழில் கோப்புப் பெயரை ஏற்காது, அதனால் அதன் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. ஓட்டுநர் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஓ, ட்டு, ந, ர்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. டிப்போ ஆட்கள் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள், அவர் கவனிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றார்.

"எனக்குக் கீழ எதுவுமே வரக் கூடாதா?" என்றார்.

"வந்தா நீங்க பேசுறது கேட்காதுங்க," என்றார் புரூஃப் அம்மா.